முதுகைச் சொறிந்தால் என்ன உப்பு?

பிளஸ் டூவில் நான் சயின்ஸ் குரூப் எடுத்ததற்கு ஒரே காரணம் எங்கள் வீட்டு மூன்றாவது தறி. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம்தான். எங்கள் வீட்டில் மூன்று. ஒன்றில் அப்பா, ஒன்றில் அண்ணன். மூன்றாவதை ஓட்டியவர் விலகிப் போனதிலிருந்து, அப்பா அந்தத் தறியை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சயின்ஸ் படித்தவன் தறிக்குத் திரும்ப மாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நம்பிப் போய் மாட்டிக்கொண்டேன்.

"பாஸானா காலேஜு. பெயிலானா அன்னைக்கே வந்து தறியில நில்லு. நான் வேற ஆளு தேடல" என்றார் அப்பா. மிரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சந்தோஷமாகச் சொன்னார்.

பெண்டுலம் ஆடுவது எனக்குத் தெரியும்; ஏன் ஆடுகிறது என்பது தெரியாது. தவளையை அறுக்கும் வகுப்பில் தவளையைவிட அதிகமாகத் துடித்தவன் நான். ஆனாலும் நிஜமாகப் பயமுறுத்தியது வேதியியல் செய்முறைத் தேர்வுதான். பொட்டலத்தில் ஒரு உப்பு கொடுப்பார்கள். அதற்குள் நேர் அயனி, எதிர் அயனி என்று இரண்டு பேர் குடித்தனம் நடத்துவார்கள். சூடாக்கி, கரைத்து, அமிலம் ஊற்றி, இரண்டு பேரின் பெயரையும் கண்டுபிடித்து எழுத வேண்டும். இரண்டு வருடம் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எல்லா உப்பும் வெள்ளையாக இருக்கும் என்பதுதான்.

என்னைப் போன்றவர்களுக்காகவே எங்கள் பள்ளியில் ஒரு ஏற்பாடு பரம்பரையாக நடந்துவந்தது. பொட்டலம் கட்டுவது லேப் அட்டெண்டர் அண்ணாச்சி. யாருக்கு எந்த உப்பு என்பது அவருக்குத் தெரியும். தேர்வன்று வாசலோரம் நின்று, நம்மைப் பார்த்து உடம்பில் இரண்டு இடத்தைத் தொடுவார். காது என்றால் குளோரைடு. கழுத்து என்றால் சல்பேட். தலை அம்மோனியம், தோள் துத்தநாகம். இப்படி இடுப்புக்கு மேலே பாடத்திட்டம் முழுவதும் இருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு அண்ணாச்சியின் உடம்பை மனப்பாடம் செய்தேன்.

தேர்வு வந்தது பங்குனி வெயிலில். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, சிரிக்காத முகம். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கழுத்தைச் சொறிந்தார். காதைச் சொறிந்தார். தோள், விலா, மறுபடி கழுத்து. அவர் கணக்குப்படி என் உப்பில் ஒரு கூட்டுக்குடும்பமே இருந்தது.

பக்கத்து மேசையில் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் என் கூட்டாளி. அவன் நெற்றியிலும் வியர்வை.

"ஏலே, அவரு இப்ப கழுத்தத் தொட்டாரா, சொறிஞ்சாரா?" என்று கிசுகிசுத்தான்.

"ரெண்டுக்கும் என்னல வித்தியாசம்?"

"தொட்டா உப்பு, சொறிஞ்சா வேர்க்குரு. பாத்துச் சொல்லேம்ல, எனக்குக் கண்ணு இருட்டுது."

எனக்கு மட்டும் வெளிச்சமாகவா இருந்தது? காதுக்குள் மூன்றாவது தறி ஓட ஆரம்பித்துவிட்டது. கை சும்மா இருந்தால் தேர்வாளர் பார்ப்பாரே என்று உப்பைக் கொஞ்சம் சோதனைக்குழாயில் போட்டு விளக்கில் காட்டினேன். குபுகுபுவென்று வெள்ளைப் புகை. குழாயின் மேல்பக்கம் வெள்ளையாகப் படிந்தது. மூக்கில் ஏறிய நெடி எனக்குப் பழக்கமானது. எங்கள் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர், சுட்ட பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவுவார். அதே புகை, அதே நெடி. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு. எழுதினேன்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். என் மூக்கை நம்பும் அளவுக்கு எனக்கு என்மேல் மரியாதை இருந்ததில்லை. நிமிர்ந்தேன். அண்ணாச்சி என்னை நேராகப் பார்த்தபடி தோளைச் சொறிந்து, கழுத்தைச் சொறிந்தார். முதலில் எழுதியதை அடித்தேன். துத்தநாக சல்பேட் என்று எழுதினேன். எழுதி முடிக்கவும் தேர்வாளர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"இதுல எதுடே உன் உப்பு? அடிச்சதா, அடிக்காததா?"

என் கண் தானாக வாசலுக்குப் போனது. அவரும் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி, சோதனைக்குழாய் கழுவும் பிரஷைச் சட்டைக்குள் விட்டுக் கண்ணை மூடி நின்றார்.

"அவரு முதுகைச் சொறியுதாரு. அதுக்கு என்ன உப்பு?"

வேதியியலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகக் கடினமானது அதுதான். அழுகை வரும்போல இருந்தது, வந்தும்விட்டது. அழுதுகொண்டே ஈயம் பூசுகிறவரைப் பற்றிச் சொன்னேன். தேர்வாளர் என் குழாயை எடுத்து மோந்து பார்த்தார்.

"அதைத்தானே மொதல்ல எழுதினே? அப்புறம் எதுக்கு அடிச்சே?"

"பயத்துல, சார்."

"எழுது, மறுபடி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மார்க் போட்டாரா, முட்டை போட்டாரா, தெரியாது.

வெளியே வந்து அண்ணாச்சியைப் பிடித்தேன். "என்ன அண்ணாச்சி இப்படிக் கவுத்திட்டீங்க?"

"நான் எங்க மக்கா காட்டினேன்? அந்தச் சாரு காலையிலேயே பொட்டலத்தையெல்லாம் கலைச்சு அவரே அடுக்கிட்டாரு. எது எங்கன இருக்குன்னு எனக்கே தெரியாது. நான் பாட்டுக்கு அரிப்புல செத்துக்கிட்டு நிக்கேன், நீங்க எல்லாரும் என்னையே பாத்து எழுதுதீங்க. பயந்துட்டேன்!"

அதன்பிறகு ரிசல்ட் வரும்வரை நான் தூங்கியதாக நினைவில்லை. பேப்பரில் என் எண் இருந்தது. நாலு முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

அப்பா தறியை நிறுத்தினார். பேப்பரை வாங்கிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிட்டியா! ரொம்ப நல்லது. காலேஜு தொறக்க இன்னும் நாள் கெடக்குல்லா? அதுவரைக்கும் மூணாம் தறியில நில்லு."