முன்சில்லில் மாட்டிய சங்கிலி

என்னை முன்சில்லு என்று கூப்பிட்ட எல்லோரையும் மன்னித்துவிட்டேன். அந்தப் பெயரை வைத்தவரை மட்டும் மன்னிக்கவில்லை. அவர் எங்கள் தளபாடக் கடையின் டெலிவரி மனேஜர்.

ரொறன்ரோவுக்குள் ஓடும் ட்ரக்குக்குச் சங்கிலி தேவைப்படாது. ஸ்ரௌவ்வில் ஊரையும் தாண்டி வடக்கே போனால் சில வீடுகளுக்குத் தார் போடாத, ஏற்றமான பாதை. பனி கொட்டிய நாளில் சில்லின் டயரில் சங்கிலி சுற்றாமல் அதில் ஏற முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் பனி மாரியில் அப்படி ஒரு பாதையின் அடியில் முழங்காலில் இருந்து, முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிச் சங்கிலியை மாட்டினேன். மாட்டியது முன்சில்லுகளில். என் காரை இழுப்பது முன்சில்லு, ட்ரக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ட்ரக்கைத் தள்ளுவது பின்சில்லு. அது நின்ற இடத்திலேயே சுழன்றது.

வேலை பழக்குகிறேன் என்று கூட வந்திருந்த மனேஜர் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான் மாட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு இறங்கி வந்து படம் எடுத்து, ட்ரைவர்மாரின் வாட்ஸப் குழுவில் போட்டார். "தம்பி, உமக்கு ஆர் லைசென்ஸ் தந்தது?" என்றார்.

சிரிப்பு ஒரு கிழமையில் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை. ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் முன்சில்லு நீங்கள்தானோ என்று கேட்டுக் கை கொடுத்தார். பக்கத்தில் நின்ற என் மகள் வீட்டுக்குப் போகும் வழியில், "அப்பா, வாட்ஸ் முன்சில்லு?" என்று கேட்டாள். அப்பா அம்மா வைத்த பெயரை அந்த மனிதர் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். அதைத் திருப்பி வாங்காமல் விடுவதில்லை என்று காரை ஓட்டிக்கொண்டே முடிவெடுத்தேன்.

மூன்று மாரி பொறுத்திருந்தேன். போன மாசியில் ஒரு ட்ரைவர் காய்ச்சலில் படுக்க, மனேஜர் தானே ட்ரக்கை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் எனக்குப் போன் அடித்தார். குழுவில் கேட்கவில்லை, எனக்குத் தனியாக அடித்தார். ட்ரக் ஏறுதில்லையாம், நான்தான் கிட்ட நிற்கிறேனாம், ஒருக்கா வரட்டாம்.

போய்ப் பார்த்தேன். சங்கிலி முன்சில்லில் கிடந்தது. பின்னுக்கு இரட்டைச் சில்லு, அதில் மாட்டத் தெரியாமல் முன்னுக்குச் சுற்றியிருந்தார். இத்தனை வருடம் எங்களை அதட்டியவர் தன் கையால் ஒரு நாளும் சங்கிலி மாட்டியதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு மனம் குளிர்ந்தது. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

போனைத் தூக்கி, சில்லும் அவரும் சேர்ந்து படத்தில் விழும்படி பிடித்தேன். பிறகு என் ட்ரக்கில் ஏறி ஹீட்டரைக் கூட்டிவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கழற்றிப் பின்னுக்கு மாட்டச் சொன்னேன். சேற்றுப் பனியில் கிடந்து அவர் கொக்கியைத் தேடினார். கையுறை நனைந்து விரல்கள் விறைத்துப்போனது எனக்குத் தெரிந்தது. கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பவும் இறுக்க வேண்டும் என்றேன். அதையும் செய்தார்.

போகும்போது என் கண்ணாடிக்குக் கிட்ட வந்தார்.

"படம் எடுத்தனீரோ?"

"ஓம் அண்ணை. வடிவாய் வந்திருக்கு."

அன்றிலிருந்து என்னைச் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறார். வேறு யாராவது முன்சில்லு என்றால் சத்தம் போடுகிறார். குழுவில் ஏதும் வந்து போன் கிணுங்கினால் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார். அழித்துவிடும்படி இரண்டு தரம் கேட்டார். யோசிப்பம் என்றேன்.

அழிக்க ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் அவர் அடித்த போன் முடிந்ததுமே என் பற்றரி செத்துவிட்டது; நான் தூக்கிப் பிடித்தது செத்த போனை. அவரைச் சாகும்வரை யோசிக்க விடுவதாகத்தான் உத்தேசம்.