பாஸுக்கு எழுதிய காரணம்

ஊரடங்கு வந்த வருஷம் எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் வயதுக்கு மீறிய தலைக்கனமும் இருந்தது. கருமத்தம்பட்டியில் எங்கள் எட்டுத் தறிகளும் நின்றுபோயிருந்தன. வேலை இல்லாத அப்பா, ஓடாத தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அவர் மனம் தறியில் இல்லை. வெள்ளகோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவர் தங்கை, என் ஒரே அத்தை, படுத்த படுக்கையாகக் கிடந்தார். கிட்னி இரண்டும் போய்விட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊரடங்குக்கு முன்பே ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மாமாவிடம் இருந்தது பட்டன் போன். முகம் பார்த்துப் பேச வழியில்லை. அதில் ஒருநாள் அத்தை கூப்பிட்டார்.

“அண்ணா, ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிப்போட்டுப் போங்க.”

மறுநாள் காலையில் வண்டியில் கிளம்பிய அப்பா ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்று எல்லையில் தடுத்துவிட்டார்களாம். அங்கிருந்த போலீஸ்காரர் நல்ல மாதிரிதான். பாவப்பட்டு ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருந்தார்.

“ஏனுங்ண்ணா, நான் உட்டாலும் அடுத்த எடத்துல திருப்பி உட்ருவாங்க. பாஸுக்கு எழுதறப்போ சாவுன்னு போடுங்க, உடனே வந்துரும். சீக்குன்னா ஆஸ்பத்திரிச் சீட்டக் கேட்டு இழுத்தடிப்பாங்க.”

அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் செல்போனை என் கையில் கொடுத்தார். பெயர், ஆதார், வண்டி நம்பர் எல்லாம் நானே போட்டேன். காரணம் என்ற இடத்தில் திருமணம், மருத்துவம், இறப்பு என்று வரிசையாக இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“கடைசியா இருக்கறதப் போட்டுரு கண்ணு.”

அந்த வார்த்தையைச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் விளையாட்டுக்கு ‘செத்துப்போவேன்’ என்றாலே அம்மா வாயிலேயே போடுவார். ஆடிக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று தனி டப்பாவில் கச்சாயம் சுட்டுக்கொண்டு வரும் அத்தையை, உயிரோடு இருக்கும்போதே இறந்ததாக எழுதினால் அது பலித்துவிடாதா? அப்பா திரும்புவதற்குள் ‘மருத்துவம்’ என்பதைத் தொட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பாஸ் இல்லை என்று மெசேஜ் வந்தது. இங்கிலீஷில்தான் வந்தது. என்ன போட்டிருக்கிறது என்று அப்பா கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், நாளைக்கு வந்துவிடும் என்றேன். எனக்கு அப்படிப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நான் சொன்ன அந்த நாளைக்கு மாமாதான் கூப்பிட்டார். விடியும்போதே உயிர் போய்விட்டது.

இந்த முறை ‘இறப்பு’ என்றே போட்டேன். பத்து மணிக்குள் பாஸ் வந்துவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து போர்த்தாமல் எங்கள் பக்கம் இறந்த பெண்ணை எடுக்க மாட்டார்கள். கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்ததால், தீபாவளிக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த தன் சேலையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா தனியாகப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்து குளித்துவிட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “நேத்துக் கட்டில வாசலப் பாத்துத் திருப்பிப் போடச் சொன்னாளாமா.”

அந்த ஊரடங்குச் சட்டத்தை முழுக்கத் திட்ட எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. எங்கள் தெருவிலேயே அந்தக் காய்ச்சலில் இரண்டு பேர் போனார்கள். இருந்தாலும், செத்த தங்கைக்குச் சேலை கொண்டுபோகக் காலையிலேயே வழி விட்டவர்கள், உயிரோடு இருந்தவளைப் பார்ப்பதற்கு ஏன் அத்தனை காகிதம் கேட்டார்கள் என்று நினைத்தால் ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்பாவுக்கு நான் செய்தது இன்றுவரை தெரியாது. விசேஷ வீடுகளில் யாராவது அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “எம்பட புள்ளதானுங்க பாஸ் வாங்கிக் குடுத்துச்சு. அது இல்லீன்னா எந்தங்கச்சிக்குக் கோடி போட்டிருக்க முடியாதுங்க” என்பார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அன்று நான் அத்தையைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையைத் தொட்டிருந்தால், அப்பா தங்கையை உயிரோடு பார்த்திருப்பார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.