மூலை கருத்த கடிதம்

ஒரு கடிதம் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் நுழையாதவரை அதில் எழுதியிருக்கும் சாவு நடந்ததாகாது என்று ஒன்பது வயதில் நான் முழுமனதாக நம்பினேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.

காஷ்மீரில் சண்டை நடந்த காலம். அண்ணன் பட்டாளத்தில், போர்முனையில் இருந்தான். ஒரு மதியம் தபால்காரர் என் கையில் தந்துவிட்டுப்போன கவரின் ஒரு மூலை கருத்திருந்தது. முகர்ந்தால் கரிந்த வாடை. எங்கள் பக்கத்தில் இழவுச் செய்தி எழுதும் கடிதத்தின் மூலையில் கரி தடவி அனுப்புவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் முற்றத்தில் நின்றே படித்துக் கிழித்துப்போட வேண்டும். எனக்குப் பிரிக்கத் தைரியமில்லை, கிழிக்க மனமில்லை. களத்தில் நின்ற வைக்கோல் படப்புக்குள் தோள்வரை கையை விட்டுச் செருகிவிட்டு, அண்ணன் உயிரைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு சோறு தின்னப் போனேன்.

பெருமை சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. "மக்கா, அண்ணனுக்க எழுத்து வல்லதும் வந்துதா?" என்று அம்மை கேட்டாள். கடிதம் ஒன்றும் வரவில்லை என்றேன். அதையே தினமும் கேட்டாள். தினமும் ஒரு பிடி சோறு குறைத்துத் தின்றாள்.

அதற்குமேல் எங்கள் எருமை. அது தின்னும் ஒவ்வொரு கட்டு வைக்கோலும் கடிதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, அதுவரை ஒரு துரும்பைக்கூட நகர்த்தியறியாத நான் வைக்கோல் பிடுங்கும் வேலையை வலிய ஏற்று, கடிதம் இல்லாத மேற்குப் பக்கத்தில் மட்டும் பிடுங்கினேன். வகுப்பில் இருக்கும்போது அப்பா கிழக்கே கைவைத்துவிடுவாரோ என்று பதறி, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவருவேன். வயிறு நிஜமாகவே வலித்தது. படப்பு நாளுக்கு நாள் குடிகாரனைப்போலச் சாய்ந்தது.

"ஏலே, எருமை திங்குதா, நீ திங்குதியா? ஒரு பக்கமாட்டே கொடைஞ்சு வச்சிருக்க!" என்றார் அப்பா.

சொன்னால் அண்ணன் செத்தான். சொல்லாவிட்டால் அம்மை பட்டினியில் போய்ச்சேருவாள். எந்தப் பக்கமும் நகர முடியாமல் நின்றேன்.

எட்டாம் நாள் காலை படப்பே சரிந்து கடிதத்தை வெளியே தள்ளியது. அப்பா குனிந்து எடுத்தார். "உள்ள கொண்டு போவாதீங்கோ!" என்று அலறி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். கருத்த மூலையைக் கண்டதும் அவரும் கவரைப் பிரிக்காமல் நின்றார். அடுக்களையிலிருந்து வந்த அம்மை, "எதுவானாலும் படியுங்கோ" என்றாள்.

'மலைமேல் ஒரு குழிக்குள் ஆறு பேர் இருக்கிறோம். எதிர்மலையிலிருந்து சுடுகிறார்கள், பகலில் தலைதூக்க முடியாது. கீழே இறங்க உத்தரவில்லை. வாரம் ஒருமுறை கோவேறு கழுதை சாமானும் தபாலும் கொண்டுவரும். குளிரில் மை உறைந்துவிடுகிறது. அடுப்பில் காட்டி எழுதுகையில் கவர் கரிந்துவிட்டது, வேறு கவர் இல்லை. அம்மை சுகமா? உடனே எழுதுங்கள்.'

அம்மை அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். "எமனுக்க தபாலயே நிறுத்திப்போட்டியேல!" என்று அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார்; வலித்தது, சுகமாகவும் இருந்தது.

இன்று சாவுச் செய்தி டெலிபோனில் வந்துவிடுகிறது. கடிதத்துக்குக் கரி தடவ ஆளில்லை. எங்கள் களத்தில் இப்போது வேறு யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள்.

அண்ணன் மறுவருஷம் பத்திரமாகத் திரும்பி வந்தான். மலையில் அவன் பதிலுக்குக் காத்திருந்த வாரம் மற்ற ஐந்து பேருக்கும் கடிதம் வந்து தனக்கு மட்டும் வராதபோது, அம்மை செத்துப்போனாள், வீட்டில் மறைக்கிறார்கள் என்றே நினைத்து, அந்தக் குழிக்குள் இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தானாம்.