சிந்திக்க ஒரு பக்கம்

தொழிலாளர்களின் சிந்தனையை வளர்த்து அவர்கள் நலனைக் காப்பதே கடமை என்கிறது, தையல் ஆலையின் நல அலுவலருக்கு வந்த நியமன ஆணை. அவரும் வாரம் ஒரு கட்டுரையை நகலெடுத்து, சாப்பாட்டுக் கூடத்தில் உருக்கமாக வாசித்துக் கருத்துக் கேட்பார். பழையவர்கள் "நல்லா இருக்கு சார்" என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

அன்றைய கட்டுரை, அநியாயத்தைப் பார்த்தும் வாய் திறக்காதவர்களைப் பற்றியது. வாசிக்கும்போது அவருக்கே கண் கலங்கியது; நடிப்பில்லை. பொத்தான் தைக்கப் புதிதாகச் சேர்ந்தவள் எழுந்தாள். அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

"சார், இது நம்ம கதைதான். மத்தியானம் வரைக்கும் கழிப்பறையைப் பூட்டி வைக்கிறாங்க. நானும் பார்த்துட்டுச் சும்மாதானே இருக்கேன்?"

பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி! தவளை தன் வாயாலதான் கெடும்."

"விடுங்கம்மா, பேசட்டும். வாசிச்சா இப்படித்தான் யோசிக்கணும்" என்று கைதட்டினார் அலுவலர். அந்த மகிழ்ச்சியும் உண்மையானதுதான்.

கூட்டம் கலைந்ததும் நேரே மேலாளர் அறைக்குப் போய், "யோசிக்கிற ஆள் ஒண்ணு உள்ள வந்திருக்கு சார்" என்று சொல்லி, அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நீக்கவைத்தார்.