சரக்குக் கப்பல் வேடம் போட்ட போர்க்கப்பல்

1924 மார்ச். காலை ஏழு மணிக்கு எங்கள் கப்பல் ரங்கூன் துறையைப் பிடித்தது. நாகப்பட்டினத்தில் ஏறியவர்களில் பாதிப்பேர் அரிசி ஆலை வேலைக்கு, மீதிப்பேர் வியாபாரத்துக்கு. சாவுச் செய்தி தேடி வந்தவன் நான் ஒருவன்தான்.

என் மூத்த சகோதரி, ராத்தாவின் கணவர் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். யுத்தத்தில் கப்பலோடு காணாமல் போனார். மச்சான் மௌத்தாகிவிட்டார் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. ராத்தா மட்டும், "கண்ணால பாத்தவங்க சொல்லட்டும், அப்புறம் கருகமணியக் கழட்டி இத்தா இருக்கேன்" என்று பிடிவாதமாக இருந்தாள். கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்தி வீட்டோடு இருக்கும் நான்கு மாதம் பத்து நாள்தான் இத்தா. மச்சானோடு வேலை பார்த்த மாரிமுத்து ரங்கூன் போட்டாதாங் துறையில் மூட்டை தூக்குகிறார் என்று ஒரு வியாபாரி சொல்லித்தான் புறப்பட்டேன்.

சூலே பகோடாவைத் தாண்டி ரிக்ஷாவில் போனேன். நாலணா கூலி. பொன் கோபுரம் வெயிலில் பளபளத்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

பத்து மணிக்குக் கிடங்கு வாசலில் மாரிமுத்துவைப் பிடித்து, நான் யாரென்று சொல்லி மச்சானைப் பற்றிக் கேட்டேன். தேநீர்க் கடைக்கார பர்மியப் பெண், "கோ மாரி" என்று அண்ணன் முறை வைத்து அழைத்து இரண்டு கோப்பை வைத்தாள்.

"பாத்தா நம்மளாட்டம் சரக்குக் கப்பல்தாங்க. தண்ணி கேக்குறான் போலன்னு உங்க மச்சானே ஏணியக் கயித்துல கட்டி எறக்குனாரு. கடல்ல தண்ணி கேட்டா இல்லைங்கப்படாதுல்ல? கிட்ட வந்ததும் பக்கப் பலகை மடங்குது, உள்ள பீரங்கி. ஜெர்மன்காரன்."

"அப்புறம்?"

"எங்க கப்பல மூழ்கடிச்சுட்டு எங்கள அடித்தட்டுல அடைச்சான். தலைக்கு மேல கண்ணிவெடிய உருட்டி உருட்டிக் கடல்ல போட்டான். எவன் கப்பல் அதுல மோதுச்சோ. காய்கறி கிடையாது, எல்லாருக்கும் ஈறு அழுகிப்போச்சு. கடைசியில பனிக்கடல். உங்க மச்சான் அங்கதான் போனாரு."

"அடக்கத் தொழுகை வைத்தார்களா?"

"தொழ வைக்க உங்க ஆளு யாரும் இல்லீங்க. அவரு தினம் சொல்ற பிஸ்மில்லா ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதச் சொல்லிக் கடல்ல விட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு எந்த மாதம் என்று கேட்டேன்.

"சண்டை முடிஞ்ச வருஷம், மாசி."

திரும்பும் கப்பலில் நாட்களை எண்ணிப் பார்த்தேன். இத்தாவை மரணித்த நாளிலிருந்து எண்ணவேண்டும், செய்தி வந்த நாளிலிருந்து அல்ல. ராத்தாவின் இத்தா கிட்டத்தட்ட ஆறு வருஷத்துக்கு முன்பே, அவள் வண்ணச் சேலை உடுத்திப் பூ வைத்துக்கொண்டு அவரை எதிர்பார்த்திருந்த நாட்களிலேயே முடிந்துவிட்டது. அவருக்காக வெள்ளை உடுத்த அவளுக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. அதையும் நான்தான் சொல்லியாக வேண்டும்.