இரண்டாவது சர்வீசுக்கு வந்த கூட்டம்

அன்று எங்கள் தீவின் டென்னிஸ் கோர்ட்டில் இருந்தவர்கள்: அம்மா, டாலிகஞ்சில் மொபைல் கடை வைத்துக்கொண்டு தினமும் என்னோடு ஆடுகிற பாய், நான் லாத்தா என்று கூப்பிடும் அவர் மனைவி, எங்கள் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு மீன் விற்கும் வங்காளி தீதி, கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மலையாளி காவலாளி, நான். வேறு யாரும் இல்லை. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் இன்னும் யாராவது வந்துவிடுவார்களோ என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் சேர்த்தது பாய். எனக்காகத்தான்.

டென்னிசில் முதல் சர்வீஸ் வெளியே போனால் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதுவும் தவறினால் பாயிண்ட் எதிராளிக்கு. அந்த இரண்டாவது சர்வீஸ்தான் என் வியாதி. யாரும் இல்லாதபோது அரைத் தூக்கத்தில்கூடப் போட்டுவிடுவேன். வேலிக்கு வெளியே ஒருவர் நின்று பீடி பற்றவைத்தால் போதும், தோள் கட்டையாகிவிடும். பந்து வலையில் போய் விழும். போன வருஷம் சென்னையில் ஜெயித்திருக்க வேண்டிய ஓர் ஆட்டத்தை அப்படியே கொண்டுபோய் எதிராளி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

உடம்பு பரவாயில்லை, சொன்ன பேச்சு கேட்கும். விடிவதற்குள் டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் ஓடுவேன். கோர்ட்டில் பாசி பிடித்து வழுக்கும் மழை மாதங்களில் வீட்டு வராந்தாவில் கயிறு தாண்டுவேன். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்துத் தோளுக்கு வேலை கொடுப்பேன். மனசுதான் கேட்காது. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒரு போட்டிக்குச் சென்னை போய் வந்தால் கப்பலிலேயே ஒரு வாரம் கரைந்துவிடும், அட்டெண்டென்ஸ் எங்கே தேறும்? விட்ட அன்றே அடுத்த கவலை ஆரம்பித்தது: படிப்பும் போய் இதுவும் இல்லாமல் போனால்? மனப்பயிற்சி என்று போனில் வீடியோக்கள் பார்த்தேன். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கவனித்தேன். சரியாகக் கவனிக்கிறேனா என்று கவலை வந்தது.

மறுபடியும் சென்னையில் ஒரு போட்டி, தகுதிச் சுற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் எனக்கு பங்க் டிக்கெட், இருப்பதிலேயே மலிவான படுக்கை, எடுத்தாயிற்று. இடையில் இருந்தது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

“உனக்கு ஷாட்டுல கொறை இல்லமா, ஆளுலதான் கொறை,” என்றார் பாய். “இந்த ஊர்ல நீ ஆடுறதைப் பாக்க யாரு இருக்கா? நானும் செவுரும். நாலு பேரைக் கூட்டியாறேன். கத்தட்டும், கேலி பண்ணட்டும். பழகிப் போயிரும்.”

நால்வரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பாய்க்கும் எனக்கும் ஒரு செட். நான் பந்தைத் தட்டியதும் அம்மா, “நல்லா போடு கண்ணு,” என்றாள்.

“அக்கா, வாழ்த்தக் கூடாது. திட்டணும்!” என்று பாய் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

“காலையிலேயே திட்டித்தானே தம்பி கூட்டியாந்தேன். திரும்பவுமா?”

முதல் பந்து வெளியே. இரண்டாவது வலையில். லாத்தாவுக்கு இதில் இயற்கையாகவே கை வந்தது. “கரண்ட் போன நேரத்துல கொசு அடிக்கிற மாதிரில்ல வீசுறா!” அடுத்ததும் வலையில். தீதி எழுந்தே நின்றுவிட்டார். “அரே பாப் ரே! நெட் மேல இத்தினி பியாரா உனக்கு?” காவலாளி தயங்கித் தயங்கி, “மோளே, அது மீன் வலையல்ல கேட்டோ,” என்றதும் தீதி அவர் முதுகில் ஒன்று வைத்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்குக் கண் எரிந்தது. என் சர்வீஸ் கேம் இரண்டும் போயின. பழகவில்லை. தோள் இன்னும் இறுகத்தான் செய்தது. எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள்; இவர்கள் முன்னாலேயே இப்படி என்றால் சென்னையில் எப்படி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது காவலாளியின் போனில் ஏதோ மெசேஜ் வந்தது. அவர் படித்தார். லாத்தா எட்டிப் பார்த்தார். பிறகு நான்கு தலைகளும் அந்தப் போன்மேல் கவிழ்ந்தன.

“கத்துங்க, என்ன சும்மா இருக்கீங்க!” என்றார் பாய். யாரும் திரும்பவில்லை. வாய்ச்சண்டை மாதிரி ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் சர்வீஸ் போட்டேன், வெளியே போயிற்று. இரண்டாவதைப் போட்டேன், கோட்டுக்குள் விழுந்தது. அடுத்த பாயிண்டில் இரண்டுமே தவறின. படிக்கட்டைப் பார்த்தேன். நான்கு முதுகுகள். எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு இதென்ன? அந்தக் கோபத்திலேயே மீதியை முழுக் கையும் வீசிப் போட்டேன். கேம் எனக்கு.

அம்மா எழுந்து வந்தாள். “கண்ணு, கப்பல் செவ்வாக்கெழமை கெடையாதாம். கடல் சரியில்லையாம். வெள்ளிக்குத் தள்ளிட்டாங்க.”

வெள்ளிக்கிழமை கிளம்பினால் திங்கட்கிழமைதான் சென்னை. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. “சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்,” என்று ராக்கெட்டை உறையில் போட்டேன்.

“ஏன், ஏரோப்ளேன் ஓடலையா?” என்றார் பாய்.

“அது விக்கிற வெலைக்கு நாங்க எங்க தம்பி போவோம்?”

லாத்தா கணவரைப் பார்த்தார். “என்னங்க, போற கப்பலே போகலைன்னா நம்ம சரக்கு எப்ப வரும்? சரக்கு வந்தாத்தானே காசு கட்டணும். அதுவரைக்கும் அந்தக் காசு சும்மாதானே கெடக்குது. டிக்கெட்டைப் போடுங்க.”

“வேணாம் லாத்தா,” என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மெசேஜ் எங்கேயும் வரும், பணம் கட்டுகிற அளவுக்கு இன்டர்நெட் கிடைப்பது பேஸ்லைன் மூலையில் மட்டும்தான். எல்லோரும் அங்கே போய் பாயைச் சுற்றி நின்றோம். பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு பேரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்தோம்.

“தீதி, அங்க போயும் நெட்லயே போட்டா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“போட்டா போடு ரே. உன்னையே பாத்துட்டு இருக்க யாருக்கு டைம் இருக்கு? சும்மா இரு, டிக்கெட் ஆகட்டும்.”

டிக்கெட் ஆயிற்று.

சென்னையில் என் ஆட்டத்துக்கு வேலி ஓரம் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பயம் போகவில்லை, என்னோடுதான் வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னாலும் அவர்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஒரு அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பார்க்கிங் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒருவர் உண்மையாகவே என்னைத்தான் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டாவது சர்வீஸ் உள்ளே விழுந்தது. டபுள் ஃபால்ட்டும் போட்டேன். போட்டுவிட்டு அடுத்த பந்தைக் கேட்டு வாங்கினேன். முதல் சுற்றை ஜெயித்தேன். மறுநாள் என்னைவிட நன்றாக ஆடிய ஒரு பெண்ணிடம் மூன்று செட்டில் தோற்றேன். திரும்பி வந்தது கப்பலில்தான்.

நன்றி என்று சொன்னால் பாய், “மொதல்ல பேக்ஹேண்டைச் சரி பண்ணு,” என்கிறார். தீதிக்குச் சொன்னால் எதற்கு என்று கேட்கிறார். அன்றைக்கு நடந்ததில் கப்பல் தள்ளிப்போனது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். மத்தியானங்களில் பாய் கடையில் போன்களுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறேன். குமிழி விழாமல் ஒட்டக் கை நடுங்கக் கூடாது, அதுவும் பயிற்சிதான். சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் லாத்தா கையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். “அவசரமில்ல புள்ள,” என்பார், ஆனாலும் எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே வைப்பார். விமான டிக்கெட் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. இன்னும் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் பாக்கி.