கண்ணாடி மேல் ஒரு பொட்டு

நேற்று மதியம் எங்கள் வீட்டுப் புது ஆள் ஒருவர் பெர்ரியில் கடல் கடந்து பட்டர்வொர்த் வந்து சேர்ந்தார். எடை இரண்டு கிலோ நூறு கிராம். வழி முழுக்கத் தூக்கம். என் பேரன்!

வாராவாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் சாலைக் குழிகளையும் பஸ் தாமதத்தையும் எண்ணி எண்ணிக் குறை சொல்லும் கிழவன், இந்த வாரம் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கும்தான்.

என் மகள் மல்லிகாவுக்குப் பிரசவம் இரண்டு மாதம் முந்திக்கொண்டது. ரத்த அழுத்தம் ஏறி, அவசர ஆபரேஷன். பையன் ஒரு கிலோ முந்நூறு கிராம்தான். பாசாரில் அதைவிடக் கனமான கோழி கிடைக்கும்! குறைமாதப் பிள்ளைகளுக்கான வார்டு கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் இருந்ததால், பிறந்த சூட்டோடு ஆம்புலன்ஸில் வைத்துப் பெர்ரி ஏற்றிவிட்டார்கள். தாய் இந்தக் கரை ஆஸ்பத்திரியில், பிள்ளை அந்தக் கரையில். பெற்றவள் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மருமகனுக்கு மாக் மண்டின் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எடுத்த லீவு முடிந்துவிட்டது. ரிட்டையரான ஆள் நான் ஒருவன்தானே? மல்லிகா பீய்ச்சிக் கொடுக்கும் தாய்ப்பாலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு தினமும் கடல் கடப்பது என் உத்தியோகமாயிற்று. அந்தப் பாலை மிஸ்ஸிகள் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். (எங்கள் ஊரில் நர்ஸ் எல்லோருமே மிஸ்ஸிதான்.)

வார்டில் ஆறு கண்ணாடிப் பெட்டிகள். ஆறிலும் உள்ளங்கை அளவு மனிதர்கள். ஜன்னலோர மூன்றாம் பெட்டி எங்களுடையது. முதல் நாள் அங்கே நின்று நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறென்ன, எண்ணினேன். பையனின் மூச்சை! நெஞ்சு ஏறுவது ஒன்று, இறங்கி ஏறுவது இரண்டு... நாற்பதைத் தாண்டியதும் நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது. அவன் நெஞ்சு. என்னுடையதும்தான்.

கத்த வாயெடுத்தேன். அதற்குள் ஒரு மணி கிணுகிணுக்க, மிஸ்ஸி ஒருத்தி வந்து பெட்டியின் வட்டத் துவாரத்தில் கையை விட்டு, பையனின் உள்ளங்காலை ஒரு விரலால் தட்டினாள். அவ்வளவுதான். நெஞ்சு மறுபடி ஏறியது.

"பயப்படாதீங்க தாத்தா. மூச்சு விட மறந்துட்டான். ஞாபகப்படுத்தினா போதும்லா" என்றாள்.

மலாய்ப் பெண். பெயர் ரொகாயா. பிறந்து வளர்ந்தது பாகான் டாலாமில், தமிழ் வீடுகளுக்கு நடுவே. அதனால்தான் அந்தத் தமிழ்! ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி மறப்பான் என்று கேட்டேன். சிரித்தாள்.

"நீங்க எண்ணுங்க தாத்தா. நாங்க தட்டுறோம்."

இதை நான் மல்லிகாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கண் பட்டுவிட்டது என்று தீர்மானித்துவிட்டாள். பிறந்த பிள்ளைக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்காமல் கடல் தாண்டி அனுப்பினால் வேறென்ன ஆகும் என்று அழுதாள். படித்த பெண், டைப்பிஸ்ட். ஆனால் பெட்டிக்குள் மூச்சு நிற்பது அவள் பிள்ளைக்கல்லவா?

"அப்பா, எனக்காக ஒரு பொட்டு வச்சிட்டு வாங்கப்பா. வேற ஒண்ணும் கேக்கல."

மறுநாள் பிளாஸ்கோடு மைச்சிமிழும் கடல் கடந்தது. ரொகாயா சிமிழைப் பார்த்த உடனே புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு, முடியாது என்றாள். தோல் இன்னும் டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கிறது, வெளிப்பொருள் எதுவும் படக்கூடாது என்றாள். உள்ளங்காலில்? அதுவும் முடியாது. நான் சிமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மகளிடம் என்ன சொல்வது?

அடுத்த நாள் போனால் — எங்கள் பெட்டியின் கண்ணாடி மேல், வெளிப்பக்கம், பையனின் கன்னத்துக்கு நேராக ஒரு கறுப்புப் பொட்டு! மார்க்கர் பேனாவால் வட்டமாக வரைந்து வைத்திருந்தாள் ரொகாயா.

அவன் தலையைத் திருப்பினால் பொட்டு தள்ளிப்போய்விடுமே என்றேன். என் கவலை எனக்கு.

"கண்ணு எங்கேருந்து வரும் தாத்தா? வெளியேருந்துதானே? முதல்ல கண்ணாடியிலதான் படும்" என்றாள்.



வார்டுக்குப் பொறுப்பு ஒரு சீன சிஸ்டர். கை கழுவாமல் யாராவது கதவைத் தொட்டால் பார்வையாலேயே வெளியேற்றிவிடுவார். அவர் பொட்டைப் பார்த்தபோது ரொகாயாவுக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். சிஸ்டர் விசாரித்தார். ரொகாயா விளக்கினாள். பக்கத்துப் பெட்டிச் சீனத் தாய், தன் மகளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். இந்த வார்டில் ஒரு பிள்ளைக்கு ஒன்று என்றால் எல்லாப் பிள்ளைக்கும் என்றார் சிஸ்டர். பேனாவை வாங்கி, மீதி ஐந்து பெட்டிகளுக்கும் தாமே வைத்தார்! பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் அழியும். துடைத்த கையோடு யாராவது ஒரு மிஸ்ஸி மறுபடி வைத்துவிடுவாள்.

நான் மல்லிகாவிடம் முதல் பொட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். "பொட்டு வச்ச பெட்டிதான் நம்ம பெட்டி" என்று. அது அவளுக்கு மருந்து மாதிரி வேலை செய்தது. தூங்கினாள், சாப்பிட்டாள். பிளாஸ்கில் பாலும் கூடியது.

ஒருவழியாக டாக்டர் அவளை வெளியே விட்டதும் நேராகப் பெர்ரிதான். வார்டில் நான் கை கழுவி முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். கதவை ஒட்டிய முதல் பெட்டி. கண்ணாடியில் பொட்டு. அங்கேயே நின்று, கண்ணாடியில் நெற்றியை வைத்து, உள்ளே இருந்த பிள்ளையைப் பார்த்து அழுகிறாள், சிரிக்கிறாள், கொஞ்சுகிறாள்... அந்தப் பிள்ளையின் சொந்தத் தாய் பக்கத்தில் நின்று மல்லிகாவின் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள்.

ரொகாயாதான் வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, அது பொண்ணுலா. உங்க பையன் ஜன்னல் பக்கம்."

வார்டே சிரித்தது. சிஸ்டர்கூட!

அதற்குப் பிறகு பையன் மூச்சு விட மறப்பது குறைந்து, நின்றேபோயிற்று. தட்டிய விரல்களுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வது? எத்தனை தட்டல் என்று எண்ணத் தொடங்கியவன் பாதியிலேயே விட்டுவிட்டேன். எண்ணுவதை நானாக நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

நேற்று வீட்டுக்கு அனுப்பும்போது சட்டைப்பையிலிருந்த சிமிழை ரொகாயாவிடம் நீட்டினேன். மல்லிகா வைக்கட்டும் என்றாள் அவள். மல்லிகா விடவில்லை. ரொகாயா கையைக் கழுவித் துடைத்து, விரலில் மை தொட்டு, பையனின் கன்னத்தில் வைத்தாள். இந்த முறை கண்ணாடி இல்லை.

பெர்ரியில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பிள்ளையைப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, கன்னத்தில்தான் ரொகாயாவின் விரல் இருக்கிறதே!